முதுகைப் பார்த்தவர்கள்

ஜூன் 18

கல்லூரி திறந்துவிட்டது. கோடை விடுமுறைக்குப் பிறகு இன்றுதான் மேடைமேல் ஏறி உட்கார்ந்தேன். புதிதாக வந்திருக்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள். ஒரு வாரம் போனால் சரியாகிவிடும். பிறகு நான் உட்கார்ந்திருக்கும் ஸ்டூலையும் என்னையும் ஒரே மாதிரிதான் பார்ப்பார்கள். எனக்கும் அதுதான் வேண்டும்.

ஓவியர்களுக்கு முன்னால் உட்காருவது என் வேலை. மாடல். பட்டாளம் ஏரியாவில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் காறித் துப்புவார்கள். அதனால் காலேஜில் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தவள் நான். புருஷன் விட்டுவிட்டுப் போனான், பிள்ளை குட்டி இல்லை. அந்தச் சமயத்தில் கிடைத்த வேலை இது. எனக்குச் சோறு போட்டது மட்டுமில்லை, 'வாங்க தவமணி, உட்காருங்க' என்று பெரிய மனிதர்களைச் சொல்ல வைத்தது.

என்னோடு இந்த வேலைக்கு வந்தவர்கள் ஒருத்தியும் இன்று இல்லை. அழகு போய் வேலை போகவில்லை, வாயால் போனது. ஒரு ஸ்டூடியோவில் நடந்ததை இன்னொரு ஸ்டூடியோவில் போய்ச் சொன்னார்கள். காற்று வரவில்லை, கால் மரத்துவிட்டது என்று முனகினார்கள். இந்தத் தொழிலில் உடம்பு பாதி, பழகும் விதம் பாதி. நான் நேரத்துக்குப் போவேன், வாய் திறக்க மாட்டேன், பாதியில் எழ மாட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, யார் வரைந்த படத்தையும் நான் பார்ப்பதில்லை. என்னோடு வந்த கஸ்தூரி பார்த்தாள். 'நான் இவ்ளோ குண்டா?' என்று ஒரு பையனோடு சண்டைக்குப் போனாள். அதோடு அவளைக் கூப்பிடுவார் இல்லை.

சபாநாயகம் சார்தான் ஓவியத் துறைக்குத் தலைவர். சாயங்காலம் அவரே டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தார். "ஒங்கள மாதிரி ஒரு மாடல் கெடைக்கறது கஷ்டம்மா. பசங்களுக்கு இத அடிக்கடி சொல்லுவேன்" என்றார். மனசு நிறைந்துவிட்டது.

ஜூலை 9

இந்தப் பருவம் முழுக்க ஒரே போஸ். முதுகைப் பிள்ளைகளுக்குக் காட்டி உட்கார வேண்டும். கொண்டையை உயர்த்திக் கட்டி, புடவையை இடுப்போடு சுற்றி, வலது கையை ஸ்டூலின் ஓரத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இடைவேளைக்கு எழுந்தால் திரும்பி அதே இடத்தில் உட்காருவதற்காகப் பாதத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார்கள்.

எனக்கு முதுகு போஸ் பிடிக்கும். யார் எங்கே பார்க்கிறார்கள் என்று தெரியாது. ஒருவிதத்தில் தனியாக இருப்பது போலத்தான்.

ஜூலை 26

மெர்லின் என்று ஒரு பெண், நாகர்கோவில் பக்கம். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எப்போதும் விரல் கறுப்பாக இருக்கும். இடைவேளையில் நான் துண்டைப் போர்த்திக்கொண்டு பிஸ்கட் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் வந்து எனக்க படத்தப் பாக்கியளா?"

"நான் படம் பாக்கறதில்லம்மா."

"இல்லக்கா, ஒரே ஒரு தடவ. ஒரு எடம் மட்டும் சரியாண்ணு பாத்துச் சொல்லுங்க."

"சரியா தப்பான்னு சொல்ல ஒங்க சார் இருக்காரு. நான் உக்கார்றதுக்கு வந்தவ. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தா எல்லாருக்கும் நல்லது."

முகம் சுருங்கிப் போனாள். சின்னப் பெண்தான், பாவம். ஆனால் ஆரம்பத்திலேயே கோடு கிழித்துவிட வேண்டும். ஒருத்திக்கு இடம் கொடுத்தால் இருபது பேரும் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

ஆகஸ்ட் 4

இன்று சந்தோஷமான நாள். சபாநாயகம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீலாங்கரையில் இருக்கும் தன் ஸ்டூடியோவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வர முடியுமா என்று கேட்டார். நவம்பர் கடைசியில் ஆழ்வார்பேட்டையில் ஒரு கண்காட்சி. முழுக்க என்னை வைத்துத்தான். ஒரே போஸ், வரிசையாகப் பெரிய பெரிய ஆயில் படங்கள்.

"அதே முதுகுதான் தவமணி. கிளாஸ்ல பசங்க வரையறதப் பாத்தேன். ஒங்க முதுகு இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு."

எனக்கு நாற்பத்து நான்கு வயது. இந்த வயதில் மாடல்களைக் கிழவி போஸுக்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள். எனக்கு முதுகு பேச ஆரம்பித்திருக்கிறதாம். பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை. கண்காட்சி வரை வேறு எங்கும் உட்காரக் கூடாது, வேறு யாரும் இந்த முதுகை வரைந்துவிடக் கூடாது. கல்லூரி மட்டும் விதிவிலக்கு. நான் உடனே சரி என்றேன். அண்ணாநகர் சிற்பி ஒருவருக்கும், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காரர்களுக்கும் போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் காரணத்தை மறைக்காமல் சொன்னதால் யாரும் கோபப்படவில்லை.

ஆகஸ்ட் 23

குளிக்கும்போது வலது பக்கம் முதுகுக்குக் கை சரியாக எட்டவில்லை. வயதாகிறது என்று முதுகுக்குத் தெரிகிறது, சபாநாயகம் சாருக்குத்தான் தெரியவில்லை.

செப்டம்பர் 12

ஜமால் பாயோடு சண்டை. எத்தனையோ வருடமாக என் ஜாக்கெட்டை அவர்தான் தைக்கிறார். அளவு ஜாக்கெட் கொடுத்தால் போதும், அப்படியே இருக்கும். இந்தத் தடவை மூன்றும் பின்பக்கம் வலதில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"அளவு ஜாக்கெட்ட வச்சுத்தாம்மா வெட்டுனேன். வேணும்னா பிரிச்சிக் காட்றேன், நூலளவு மாறியிருக்காது."

"அப்போ என் ஒடம்பு கோணிக்கிச்சா பாய்?"

"நான் அப்டிச் சொல்லலம்மா."

"துணிய மிச்சம் புடிக்கறதுக்கு இப்டி ஒரு வேலையா?"

அவர் மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். நானும் மூன்றையும் வாரிக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி, புது ஜாக்கெட் போட முடியவில்லை. அடுத்த தெருவில் ஒரு பெண் தைக்கிறாளாம், இனி அவளிடம்தான்.

செப்டம்பர் 27

நீலாங்கரை ஸ்டூடியோ. சார் வரையும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். பிரஷ் துணியில் உரசும் சத்தமும் கடல் சத்தமும்தான். இன்று எழுந்து பக்கத்தில் வந்தார். விளக்கை இடதுபுறம் தாழ்த்தி வைத்தார். போய் நின்று பார்த்தார். திரும்ப வந்து இன்னும் தாழ்த்தினார். "நிழல் விழணும். நிழல் விழுந்தாத்தான் தெரியும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

இப்படி ஒரு மனிதர் ஒருத்தியின் முதுகுக்காக இவ்வளவு மெனக்கெடுவதை நான் பார்த்ததில்லை. என் புருஷன் என்னோடு வாழ்ந்த காலத்தில் என் முதுகைப் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம்.

அக்டோபர் 5

மெர்லின் திரும்பவும் வந்தாள். இந்தத் தடவை படம் பற்றிப் பேசவில்லை.

"அக்கா, முதுகு வலிக்கா?"

"உக்காந்தே இருந்தா வலிக்காதா? தொழில்னா அப்டித்தான்."

"அதில்லக்கா. வலது பக்கம் மட்டும்..."

அதற்குள் சார் உள்ளே வந்துவிட்டார். "மெர்லின், கொஞ்சம் வெளிய வாம்மா" என்றார். அவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை, இன்றும் உயர்த்தவில்லை. ரொம்ப நேரம் வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. என் பக்கம் பார்க்கவில்லை.

மாடலைத் தொந்தரவு செய்யாதே என்று கண்டித்திருப்பார். அந்தக் கண்டிப்பு எத்தனை இடத்தில் இருக்கிறது? சில இடங்களில் பையன்கள் போன் நம்பர் கேட்கிற அளவுக்குப் போகும். சார் இருக்கிற இடத்தில் அது நடக்காது.

அக்டோபர் 6

இலவம்பஞ்சு மெத்தை கட்டி கட்டியாகிவிட்டது. மல்லாந்து படுக்க முடியவில்லை. அடித்துப் போட ஆள் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 22

பூஜை விடுமுறை முடிந்து வகுப்பு. மெர்லின் படத்துக்கு முதல் மதிப்பெண்ணாம். இடைவேளையில் பிள்ளைகள் கைதட்டிய சத்தம் கேட்டது. கூப்பிட்டு "நல்லா வாழும்மா" என்றேன். அவள் "தேங்க்ஸ்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். நான் அதட்டியதை இன்னும் மனசில் வைத்திருக்கிறாள் போல.

மெத்தைக்காரன் வந்து அடித்துப் போட்டுவிட்டுப் போனான். பிரயோஜனமில்லை. ஒருக்களித்துப் படுக்கிறேன்.

நவம்பர் 9

தீபாவளி முடிந்து ஸ்டூடியோவுக்குப் போனேன். இன்று ஒரு விஷயம் நடந்தது, அதை எழுதியே ஆக வேண்டும்.

வேலை முடிந்து நான் தட்டிக்குப் பின்னால் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது யாரோ வந்தார்கள். படம் வாங்க வந்த டாக்டர். சார் ஒவ்வொரு படமாகத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் முன்னும் பின்னும் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இது நேர்ல பாத்து வரஞ்சதா சார்?" என்றார்.

"நேர்ல பாக்காம நான் ஒரு கோடு கூடப் போடறதில்ல டாக்டர்."

"அந்த அம்மா யாரு? நான் அவங்ககிட்ட ஒரு ரெண்டு நிமிஷம் பேசணுமே."

"மாடல் பேர வெளிய சொல்றதில்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல, இது முக்கியம். நீங்களாவது சொல்லுங்க அவங்ககிட்ட."

"கண்டிப்பா. ஷோ முடியட்டும், நானே பாத்துக்கறேன்."

நான் தட்டிக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றேன். இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். படத்தை வாங்குவார்கள், அப்புறம் படத்தில் இருப்பவளைப் பார்க்கணும், பேசணும், ரெண்டே நிமிஷம், முக்கியம் என்பார்கள். கஸ்தூரியை ஒரு முதலாளி அப்படித்தான் கூப்பிட்டான். வேறு ஓவியராக இருந்தால் 'தவமணி, கொஞ்சம் வெளிய வாங்க' என்று என்னை நிறுத்திக் காட்டியிருப்பார். சார் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

டாக்டர் போன பிறகு வெளியே வந்தேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல உறவு என்றால் இதுதான். எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 16

மழை. ஜுரம். இளைத்துவிட்டேன் என்று எதிர்வீட்டுக்காரி சொல்கிறாள். ஸ்டூடியோவுக்குப் போனேன், கடைசிப் படம் பாக்கி இருக்கிறது.

நவம்பர் 24

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

இன்று கண்காட்சி திறப்பு விழா. சார் என்னையும் அழைத்திருந்தார். படங்கள் முடிந்துவிட்டன, இனி பார்த்தால் யாருக்கும் இடைஞ்சலில்லை என்று போனேன். அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு. வாசலில் பெரிய எழுத்தில் 'சுமை' என்று கண்காட்சியின் பெயர்.

உள்ளே குளிரூட்டிய பெரிய கூடம். சுவர் முழுக்க என் முதுகு. வரைந்த வரிசையில் மாட்டியிருந்தார்கள். முதல் படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்தது. என்னிடம் இவ்வளவு அழகு இருந்திருக்கிறது. அதில் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே மட்டும் லேசாக ஒரு நிழல், இரண்டாவதில் அது கொஞ்சம் அழுத்தமாக. மூன்றாவதில் அந்த நிழலுக்குள் ஒரு மேடு. பெயிண்ட் தடித்துவிட்டதோ என்று நினைத்தேன். அடுத்ததில் நெல்லிக்காய் அளவு. அதற்கடுத்ததில் எலுமிச்சை. கடைசிப் படத்தில் ஒரு குழந்தையின் மூடிய கைமுட்டி அளவுக்கு, தோல் இழுபட்டுப் பளபளவென்று, விளக்கு வெளிச்சம் அதன்மேல் விழுந்து.

கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மாள் நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா, ஒவ்வொரு படத்துலயும் அந்தச் சுமை வளந்துக்கிட்டே போகுது. இந்த நாட்டுப் பெண்கள் சுமக்கற வலிய சபா எவ்ளோ அழகா ஒரு குறியீடாக்கிட்டார்!" எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு இடது கையைப் பின்னால் முறுக்கி மேலே ஏற்றினேன். நடுவிரல் நுனி மட்டும் பட்டது. கல் மாதிரி இருந்தது. அழுத்தினால் வலிக்கவில்லை.

திரும்ப உடுத்திக்கொண்டு வெளியே வந்தேன். சார் தூரத்திலிருந்து கையசைத்து, கூட்டத்துக்கு என்னை அறிமுகப்படுத்தக் கூப்பிட்டார். நான் நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 27

பெரியாஸ்பத்திரி. நர்ஸ் போனில் படம் எடுத்துக் காட்டினாள். சார் சரியாகத்தான் வரைந்திருக்கிறார், நிறம்கூட மாறவில்லை.

"எத்தன நாளா இருக்கும்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"தெரியாது சார்."

"இவ்ளோ பெருசாகற வரைக்கும் யாரும் பாக்கலயா?"

பார்த்தார்கள் என்றேன். நிறைய பேர் பார்த்தார்கள். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார்.

டிசம்பர் 7

சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுதான். நுரையீரலிலும் இரண்டு இடத்தில் இருக்கிறதாம். ஆடி மாதத்திலேயே வந்திருந்தால் முதுகோடு போயிருக்கும் என்றார் டாக்டர். பதினேழாம் தேதி ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டும். "முயற்சி பண்ணுவோம்மா" என்றார். அந்த வார்த்தையை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடியில் மெர்லின் பிஸ்கட் வேளையில் பக்கத்தில் வந்து நின்றாள்.

டிசம்பர் 8

மெர்லினைப் போனில் கூப்பிட்டேன். வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"சொல்ல வந்தேன்க்கா. நீங்க படம் பாக்கமாட்டேண்ணு சொல்லிட்டிய."

"வாயால சொல்லியிருக்கலாம்ல? 'முதுகுல கட்டி'ன்னு ரெண்டு வார்த்த."

"முதுகு வலிக்காண்ணு கேட்ட அன்னிக்குச் சொல்லத்தான் வந்தேன். சார் வெளிய கூட்டிட்டுப் போய், அது அவங்க சொந்த விஷயம், அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும், நாம பேசுனா சங்கடப்பட்டு வேலைக்கு வராம போயிருவாங்க, பருவம் பாதியில நிக்கும்ணு சொன்னாரு. கண்ணு பாக்கறத கை வரையணும், வாய் பேசக் கூடாதுண்ணு சொன்னாரு."

"கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியுமா?"

அவள் தலையாட்டினாள். "எல்லாரும் வரஞ்சோம்க்கா. வரையாதவங்களுக்கு மார்க் கொறஞ்சிச்சு."

அறைந்தேன். கண்ணாடி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அவளே குனிந்து எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே போனாள். எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை.

டிசம்பர் 10

சாரே போன் செய்தார்.

"மெர்லின் சொன்னா. நெஞ்சே ஒடஞ்சு போச்சும்மா. ஒங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். ஒங்க ஒடம்பு, ஒங்களுக்குத் தெரியாதா?"

"அந்த டாக்டர் சொல்லச் சொன்னாரே சார்."

"ஷோ முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒங்களுக்கே தெரிஞ்சிடுச்சு."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடர்ந்தார். பதிமூன்றாம் தேதி செய்முறைத் தேர்வு. பிள்ளைகள் பருவம் முழுக்க ஒரு உடம்பைப் படித்திருக்கிறார்கள், இப்போது வேறு மாடலை உட்கார வைத்தால் அவர்கள் உழைப்பு வீண். ஆபரேஷனுக்கு முன்னால் இன்னும் நாள் இருக்கிறதே. ஒரே ஒரு நாள். "நீங்க எந்த போஸையும் பாதியில விட்டவங்க இல்ல தவமணி."

வருகிறேன் என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் எதற்குப் போகிறேன் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 13

போனேன். வராந்தாவில் யாரும் முகம் கொடுக்கவில்லை. சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. தட்டிக்குப் பின்னால் போய் வழக்கம் போலக் கொண்டையை உயர்த்திக் கட்டினேன், புடவையை இடுப்போடு சுற்றிக்கொண்டேன், மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு மேடை ஏறினேன். ஸ்டூலைத் திருப்பிப் போட்டேன். பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தேன்.

சார் அருகில் வந்து மெதுவாக, "திரும்பி உக்காருங்க தவமணி" என்றார்.

"இன்னிக்கு மூஞ்சிதான் சார்."

"பரீட்சை..."

"மூஞ்சிய வரையட்டும்."

இத்தனை வருடத்தில் ஓவியர் சொன்னதை நான் தட்டியது இதுதான் முதல் தடவை. ஒவ்வொருவரையும் கண்ணுக்குள் பார்த்தேன். நேராக, இமைக்காமல். என்னைப் பார்க்காமல் என்னை வரைய முடியாது, என்னைப் பார்த்தால் நான் உங்களைப் பார்ப்பேன். அதற்காகத்தான் வந்திருந்தேன். இவர்கள் ஒருத்தர் கையும் ஓடக் கூடாது, வெள்ளைத் தாளோடு வெளியே போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர்களை அவ்வளவு வெறுத்தேன்.

கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தது. ஒருவன் பென்சிலைக் கீழே போட்டான். இரண்டு பெண்கள் விசும்பினார்கள். மெர்லின் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். ஒரு தாளிலும் ஒரு கோடில்லை. என்னையறியாமல் என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது. துடைக்கவில்லை. பார்க்கட்டும் என்று விட்டேன்.

சார் என்னைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு ஜன்னல் கதவு ஒன்றைத் திறந்து வெளிச்சத்தை என் கன்னத்தில் விழ வைத்தார்.

"சரி, இதையே வரைங்க" என்றார் பிள்ளைகளிடம். "இந்த மாதிரி ஒரு முகம் ஒங்களுக்குத் திரும்பக் கெடைக்காது."

மெர்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, என் நெற்றிக்கும் தாடைக்கும் அளவெடுத்தாள். அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்தவன். அப்புறம் எல்லா வரைபலகைகளிலிருந்தும் அந்தச் சத்தம் வந்தது, தாளில் பென்சில் ஓடும் சத்தம்.

எழுந்து போயிருக்கலாம். யாரும் பிடித்து வைக்கவில்லை. இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது, அதனால் உட்கார்ந்திருந்தேன்.